தோலோடு நிற்காத வருத்தம்

கல்முனை பிரதான வீதியில் மாலை நேரத்தில் எந்தப் பாமசிக்குப் போனாலும், முழங்கையைத் திருப்பிக் காட்டிக்கொண்டு ஒருவராவது நிற்பார். சிவந்து தடித்த படை, அதன்மேல் வெள்ளிப் பூச்சுப்போலச் செதில். "இதுக்கு ஒரு கிறீம் தாங்க." கடைக்காரர் எட்டிப் பார்ப்பார். ஒரு டியூபை எடுத்து வைத்துவிட்டு ஆறுதலும் சொல்வார்: "சும்மா தோல் வருத்தம்தானே காக்கா, உசிருக்கு ஒண்டும் செய்யாது." அவர் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி அலுமாரியில் பிரஷர் பார்க்கும் மெசின் பெட்டியோடு இருக்கும். அதை அவரும் எடுக்கமாட்டார், வந்தவரும் கேட்கமாட்டார்.

அந்த ஆறுதல் பிழை. சொல்பவர் நல்ல மனதோடு சொல்கிறார் என்பதால் அதைக் கேட்டுவிட்டுப் போக முடியாது. சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று நமது ஊர்களில் சொரியாசிஸ் உள்ளவருக்குக் கிடைக்கும் முதல் மருத்துவ ஆலோசனை பெரும்பாலும் இதுதான். வீட்டில் மூத்தம்மா சொல்கிறார். வெளிநோயாளர் பிரிவில் நூறு பேரைப் பார்த்துக் களைத்த வைத்தியர், வாயால் சொல்லாவிட்டாலும், கிறீமின் பெயரை மட்டும் எழுதிக் கொடுப்பதால் அதையே சொல்கிறார்.

இந்த ஆறுதல் இவ்வளவு எளிதில் எடுபடுவதற்குக் காரணம் இருக்கிறது. உடம்பில் படை கண்டதும் நமது ஆட்களுக்கு முதலில் வரும் பயம் குஷ்டம். மட்டக்களப்பு வாவிக்குள் இருக்கும் மாந்தீவின் பெயரைக் கேட்டு வளர்ந்த கரையோரம் இது. நோயாளரைத் தீவுக்கு ஏற்றிய காலம் போய்விட்டாலும் அந்தப் பெயரின் அச்சம் போகவில்லை. கிழக்கில் இன்றும் ஆண்டுதோறும் புதிய தொழுநோயாளர் கண்டுபிடிக்கப்படுவதால் அந்த அச்சம் முழுக்கப் பொய்யும் அல்ல. ஆகவே வைத்தியர் பார்த்துவிட்டு "இது குஷ்டம் இல்ல, சொரியாசிஸ்" என்றதும் வீடே மூச்சுவிடுகிறது. அந்த மூச்சோடு விசாரணையும் முடிந்துவிடுகிறது. ஐரோப்பாவும் நெடுங்காலம் இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் இருந்தது. 1808 அளவில் லண்டன் வைத்தியர் ராபர்ட் வில்லன் இந்த நோயைத் துல்லியமாக விவரித்தபோதும் தொழுநோயின் பெயர் அதை விட்டுப் போகவில்லை. 1841இல் வியன்னாவில் ஃபெர்டினான்ட் ஹெப்ராதான் இரண்டையும் தெளிவாகப் பிரித்தார். பிரித்த பிறகு அங்கும் இதே சோம்பல் வந்தது. தொழுநோய் இல்லை என்றானதும் தோலோடு கணக்கை மூடிவிட்டார்கள். மருத்துவம் அந்தக் கணக்கைத் திரும்பத் திறக்க நூறு ஆண்டுகளுக்கு மேலானது.

சொரியாசிஸ் தொற்றாது. ஒரே சஹனில் சாப்பிட்டால் ஒட்டாது. பள்ளியில் தோளோடு தோள் உரசி நின்றாலோ, அவர் வுழூச் செய்த பைப்பில் நாம் செய்தாலோ ஒட்டாது. இதில் விவாதத்துக்கு இடமே இல்லை என்பதால் இத்தோடு விடுகிறேன்.

விவாதம் வேறிடத்தில். "தோல் வருத்தம்" என்பவர், நோய் தோலில் தொடங்கித் தோலில் முடிவதாக நம்புகிறார். நடப்பது வேறு. சாதாரணமாகத் தோலின் மேற்படை புதுப்பிக்கப்பட ஏறக்குறைய ஒரு மாதம் எடுக்கும். சொரியாசிஸில் அந்த வேலை சில நாட்களிலேயே நடந்துவிடுகிறது. முதிராத கலங்கள் மேலே வந்து குவிகின்றன, அவைதாம் செதில். ஏன் இந்த அவசரம்? உடம்பின் நோயெதிர்ப்புக் கலங்கள் இல்லாத எதிரியோடு சண்டை பிடிக்கின்றன. அந்தச் சண்டையில் ரி.என்.எஃப், இன்டர்லூக்கின்-17, இன்டர்லூக்கின்-23 என்ற புரதங்கள் கட்டளைகளைக் கொண்டு ஓடுகின்றன. அவை ஓடுவது இரத்தத்தில். முழங்கையில் மட்டும் இறங்கிக்கொள்ள அவற்றுக்கு யாரும் ரிக்கெற் வெட்டிக் கொடுப்பதில்லை.

இதற்குச் சான்று வேண்டுமென்றால் நோயாளரின் நகத்தைப் பாருங்கள். பலரது நகத்தில் ஊசியால் குத்தினாற்போலச் சிறு குழிகள் இருக்கும். காலையில் விரல் மடங்குகிறதா, குதிக்கால் நோகிறதா என்று கேளுங்கள். சொரியாசிஸ் உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு வரை மூட்டு வாதமும் வரக்கூடும். புதிய ஊசி மருந்துகளோ தோலில் பூசப்படுவதே இல்லை. வயிற்றிலோ தொடையிலோ குத்தி, இரத்தத்தில் ஓடும் அந்தப் புரதங்களைத் தடுக்கிறார்கள், முழங்கைப் படை மறைகிறது. தோலில் மட்டும் உள்ள நோய் இப்படி மறையாது. கடற்கரை வீட்டுச் சுவரில் உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிர்ந்தால், வருடா வருடம் மேலே பெயின்ற் அடித்துப் பயனில்லை என்பது மருதமுனை மேசன்மாருக்குத் தெரியும். ஈரம் சுவருக்கு உள்ளே இருக்கிறது.

இதயத்துக்கு இங்கே என்ன வேலை? குழாய் அடைப்பதுபோல இரத்த நாளத்தில் கொழுப்பு படிந்து ஒருநாள் அடைபடுவதுதான் மாரடைப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். கொழுப்பு உண்மைதான், ஆனால் கதை பாதி. நாளச் சுவருக்குள் புகுந்த கொழுப்பைச் சுற்றி நோயெதிர்ப்புக் கலங்கள் கூடுகின்றன, அழற்சி உண்டாகிறது, கடைசியில் அந்தக் கட்டி வெடித்து இரத்தம் உறைகிறது. அழற்சியின் பங்கை 2017இல் ஒரு பெரிய பரிசோதனை காட்டியது. ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,061 பேரை எடுத்து, கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் குறைக்கும் ஊசியைக் கொடுத்துப் பார்த்தார்கள். கொலஸ்ட்ரோல் குறையவில்லை. இருந்தும் நடு அளவு மருந்து பெற்றவர்களில் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை சேர்ந்து 15 வீதம் குறைந்தன. அவர்கள் சொரியாசிஸ் நோயாளர் அல்லர், அந்த ஊசியும் தொற்று மரணங்களைச் சற்றுக் கூட்டியது, இதய மருந்தாக ஊருக்கு வரவும் இல்லை. ஆனால் அழற்சி தானாகவே நாளத்தைக் கெடுக்குமா என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான பதில் அதற்கு முன் இருக்கவில்லை.

இனி நேரடிக் கணக்கு. 2006இல் ஆய்வாளர் ஜோயெல் கெல்ஃபண்டின் குழுவினர் பிரித்தானியக் குடும்ப வைத்தியர்களின் பதிவேடுகளிலிருந்து சொரியாசிஸ் உள்ள 130,976 பேரை எடுத்து, இல்லாத 556,995 பேரோடு ஒப்பிட்டார்கள். புகைப்பழக்கம், உடற்பருமன், நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல் எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் மிச்சம் ஒன்று நின்றது. கடும் சொரியாசிஸ் உள்ள 30 வயதுக்காரருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு, அதே வயதில் அந்நோய் இல்லாதவரைவிட 3.1 மடங்கு. 60 வயதில் அது 1.36 மடங்காக இறங்குகிறது. மெல்லிய சொரியாசிஸ் என்றால் 30 வயதில் 1.29, 60 வயதில் 1.08.

இந்த இலக்கங்களை வைத்து யாரையும் பயமுறுத்தக் கூடாது. முப்பது வயதில் மாரடைப்பு அரிது, அரிதானதன் மூன்று மடங்கும் அரிதுதான். ஆனால் இலக்கங்கள் ஏறும் திசையைப் பாருங்கள். வயது குறையக் குறைய ஆபத்தின் மடங்கு கூடுகிறது. நாமோ இளைஞனைப் பார்த்துத்தான் "வயசுப் புள்ள, கிறீம் பூசினா சரி" என்கிறோம்.

அந்த இளைஞன் இருக்கும் இடமும் கணக்கில் சேர வேண்டும். இலங்கை உட்பட ஐந்து தெற்காசிய நாடுகளின் தரவோடு 2007இல் வெளியான ஆய்வொன்றில், தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற நாட்டவருக்கு அது 58.8. நாம் ஏற்கெனவே ஆறு வருடம் முந்திக்கொண்டிருக்கும் இனம். நாட்டில் நிகழும் மரணங்களில் ஐந்தில் நான்குக்கு மேல் தொற்றா நோய்களால் நிகழ்கின்றன. 2018-19 தேசிய ஆய்வொன்றில் வளர்ந்தோரில் 23 வீதமானோருக்கு நீரிழிவு. அமெரிக்க இதய வைத்தியர் சங்கங்கள் 2018இல் வெளியிட்ட கொலஸ்ட்ரோல் வழிகாட்டியில், சாதாரண கணக்கில் அகப்படாமல் ஆபத்தைக் கூட்டுபவை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அந்த ஒரே பட்டியலில் இரண்டு பெயர்கள்: ஒன்று சொரியாசிஸ் போன்ற நாள்பட்ட அழற்சி நோய்கள், மற்றது தெற்காசிய வம்சம். பாமசியில் முழங்கையைக் காட்டி நிற்பவருக்கு இரண்டும் பொருந்தும்.

படித்தவர்கள் பக்கத்திலிருந்து வரும் மறுப்பு அந்தப் பாமசி ஆறுதலைவிடக் கனமானது. "சொரியாசிஸ் உள்ளவர்கள் சராசரியில் பருமனானவர்கள், கூடுதலாகப் புகைப்பவர்கள், நடக்காதவர்கள். மாரடைப்புக்கு அவைதான் காரணம், படை சும்மா பக்கத்தில் நிற்கிறது." இதை அலட்சியப்படுத்த முடியாது. நெதர்லாந்தின் ரொட்டர்டாம் ஆய்வு, பெரும்பாலும் மெல்லிய சொரியாசிஸ் உள்ள முதியவர்களைத் தொடர்ந்து பார்த்துவிட்டு, கூடுதல் இதய ஆபத்து எதையும் காணவில்லை என்று 2013இல் எழுதியது. பிரித்தானியத் தரவையே வேறு விதமாக ஆராய்ந்த ஒரு குழுவும் 2015இல் அதே முடிவுக்கு வந்தது. மரபணு ஆய்வுகளோ பருமன்தான் சொரியாசிஸை வரவழைக்கிறது என்ற திசையைக் காட்டுகின்றன. ஆகவே முழங்கையில் இரண்டு சதம் அளவு படை உள்ள அறுபது வயதுக்காரருக்கு, அந்தப் படையால் மட்டும் இதயம் கெடும் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் இந்த மறுப்பைக் கொண்டுவருபவர் அதை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார் என்று பாருங்கள். பருமனும் பிரஷரும் சீனியும் புகையும்தான் காரணம் என்றால், சொரியாசிஸ் உள்ளவரிடம் அவை கூடுதலாக இருக்கின்றன என்பதை அவரே ஒத்துக்கொள்கிறார். அப்படியானால் அவற்றை அளக்காமல் ஏன் வீட்டுக்கு அனுப்புகிறீர்கள்? அழற்சி நேரே நாளத்தைத் தாக்குகிறது என்று நான் சொல்வது சரியாக இருந்தாலும் அளக்க வேண்டும், துணைக் காரணங்கள்தாம் தாக்குகின்றன என்று அவர் சொல்வது சரியாக இருந்தாலும் அளக்க வேண்டும். விஞ்ஞானிகளின் வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லாத இடம் இது. அந்த வழக்கைச் சாட்டாக வைத்து எதையும் செய்யாமல் இருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஊர் வழக்கில் இன்னொரு மறுப்பு உண்டு. "உள்ளுக்குள்ள இரிக்கிற சூடு வெளிய வாறது நல்லதுதான். அமத்தினா உள்ளுக்குப் போயிரும்." வெளியே வருவதால் உள்ளே சுத்தமாகிறது என்ற இந்த எண்ணம் சொரியாசிஸுக்குப் பொருந்தவே பொருந்தாது. படை பெருகும்போது உடம்பின் அழற்சியும் சேர்ந்தே கூடுகிறது. வெளியே வந்ததால் உள்ளே மிச்சமாகும் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை.

சூட்டோடு கூடப் பிறந்தது கிரந்திப் பத்தியம். படை கண்ட வீட்டில் முதலில் நிற்பது கடலுணவு. இறால் இல்லை, நண்டு இல்லை, கணவாய் இல்லை, சூரை மீன் வாசலுக்கே வரக்கூடாது, கத்தரிக்காயும் சேர்த்தி. சொரியாசிஸ் மீன் ஒவ்வாமை அல்ல. கடலுக்கும் வயலுக்கும் நடுவில் வாழும் மனிதனிடமிருந்து மீனை நிறுத்திவிட்டு, மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணியையும் இரவு பத்து மணிக் கொத்து ரொட்டியையும் கலியாண வீட்டு நெய்ச்சோற்றையும் வட்டிலப்பத்தையும் அப்படியே விட்டுவைக்கிறோம். இதயத்துக்கு உதவக்கூடிய சாப்பாட்டை விலக்கி, வயிற்றைப் பெருக்கும் சாப்பாட்டை வைத்துக்கொள்ளும் பத்தியத்தைப் பரிசாரி சொன்னாலும் சரி, பக்கத்து வீட்டு மாமி சொன்னாலும் சரி, நான் பத்தியமென்று ஏற்கமாட்டேன். சாப்பாட்டில் சொரியாசிஸுக்கு நல்ல சான்றுள்ள ஒரே விஷயம், பருமனானவர் எடையைக் குறைப்பது. எடை குறைந்தால் படையும் இளகுகிறது, இதயத்தின் சுமையும் இறங்குகிறது. நோன்பைப் பற்றியும் கேட்பார்கள். 108 நோயாளரை நோன்பு மாதத்துக்கு முன்னும் பின்னும் பார்த்த ஓர் ஆய்வு 2019இல் வந்தது. படையின் கடுமை குறைந்திருந்தது. ஒப்பிடுவதற்கு நோன்பு பிடிக்காத நோயாளர் குழு அதில் இல்லை. நோன்பு திறக்கும் மேசையில் பொரித்த சமோசா எத்தனை இருந்தது என்பதும் அதில் இல்லை.

கடைசியாகப் பாமசி மேசைக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. கிறீமில் குணமில்லாதவர் அடுத்துக் கேட்பது குளிசை. வைத்தியரின் துண்டு இல்லாமலே ஸ்டெரொயிட் குளிசை கைமாறும் இடங்கள் உண்டு. பெயரில்லாப் பொட்டலத்தில் வரும் தூள்களுக்குள் அது கலந்திருக்கவும் கூடும். நான்கே நாளில் படை மாயமாய் மறையும். நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகத் திரும்பும், சிலருக்கு உடம்பெங்கும் சீழ்க் கொப்புளமாக. இடைப்பட்ட காலத்தில் பிரஷரும் சீனியும் ஏறியிருக்கும், எடை கூடியிருக்கும். மூட்டு நோவுக்கென்று அதே மேசையில் வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற குளிசையும் தொடர்ந்து எடுத்தால் இதய ஆபத்தைக் கூட்டும். தோலுக்கும் மூட்டுக்கும் என்று வாங்கிய இரண்டும் சேர்ந்து நெஞ்சில் கை வைக்கின்றன. மறுவளமாகவும் உண்டு: பிரஷருக்குக் கொடுக்கும் பீட்டா புளொக்கர் வகைக் குளிசைகள் சிலருக்குச் சொரியாசிஸைக் கிளப்பிவிடும். அதற்காக யாரும் தாமாக அவற்றை நிறுத்திவிடக் கூடாது, அது இன்னும் ஆபத்து. தோல் கிளினிக் கொப்பியையும் பிரஷர் கிளினிக் கொப்பியையும் ஒரே பையில் போட்டு இரண்டு வைத்தியருக்கும் காட்டினால் போதும்.

பெண்களின் நிலை இன்னும் மோசம். ஆண் வுழூச் செய்யக் கையை மடித்தால் படை ஊருக்குத் தெரிந்துவிடுகிறது, யாராவது எதையாவது சொல்கிறார்கள். பெண்ணுடையது அபாயாவுக்குள்ளும் பர்தாவுக்குள்ளும் மறைந்துவிடுகிறது. கலியாணம் பேசும் வீட்டில் அதை மறைப்பது உம்மாவின் வேலையாகிவிடுகிறது. மறைத்த நோயைக் கிளினிக்கில் யாரும் அளப்பதில்லை. சுபஹுக்குப் பிறகு கடற்கரையில் வேர்க்க வேர்க்க நடப்பவர்களில் பெண்கள் எத்தனை பேர்? எடையைக் குறைக்கச் சொல்லும் நாம் நடக்க ஓர் இடத்தை அவர்களுக்கு விட்டிருக்கிறோமா?

"இதற்கெல்லாம் ஸ்பெஷலிஸ்ற் வேண்டும், கொழும்புக்குப் போக வேண்டும்" என்பது கடைசிச் சாட்டு. வேண்டியதில்லை. கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. 2011 முதல் அரசு நாடெங்கும் நடத்தும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் உயரம், எடை, பிரஷர், சீனி எல்லாம் காசில்லாமல் பார்க்கிறார்கள், அடுத்த பத்து வருட இதய ஆபத்தை வர்ண அட்டவணையில் காட்டுகிறார்கள். நல்ல ஏற்பாடு. அதில் இரண்டு ஓட்டைகள். அட்டவணை கேட்பது வயது, ஆணா பெண்ணா, புகை, பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல். படைக்கு அதில் கட்டம் இல்லை. அழைப்பு 35 வயதுக்கு மேற்பட்டோருக்கு. கெல்ஃபண்டின் கணக்கில் மடங்கு அதிகமாயிருந்த 30 வயதுக்காரர் வாசலுக்கு வெளியே நிற்கிறார்.

புதிய கட்டடமோ புதிய மெசினோ இல்லாமல் இந்த ஓட்டைகளை அடைக்கலாம். விரல்கள் சேர்ந்த உள்ளங்கை ஒன்று, உடம்புத் தோலில் ஏறக்குறைய 1 வீதம். படை அப்படிப் பத்து உள்ளங்கைக்கு மேல் பரவியவரை, அல்லது குளிசையோ ஊசியோ தேவைப்படும் நிலைக்கு வந்தவரை, வயது பாராமல் முன்கூட்டியும் அடிக்கடியும் சோதிக்கலாம் என்றும், அட்டவணையில் வரும் ஆபத்தை ஒன்றரையால் பெருக்கிப் பார்க்கலாம் என்றும் அமெரிக்கத் தோல் வைத்தியர்கள் 2019இல் எழுதிவிட்டார்கள். அதைத் தமிழில் ஒரு துண்டுக் காகிதமாக அச்சடித்துச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைச் சுவரில் ஒட்ட எவ்வளவு செலவாகும்?

விற்பனைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. தோலும் நெஞ்சும் தொடர்புடையவை என்றதும் "தோலைத் துடைத்தால் நெஞ்சும் சுத்தம்" என்று யாராவது போத்தல் விற்க வருவார்கள். தோலைச் சுகமாக்கும் அடாலிமுமாப் ஊசி நாள அழற்சியையும் குறைக்குமா என்று பார்த்த பரிசோதனையின் முடிவு 2018இல் வந்தது: குறைக்கவில்லை. விலையுயர்ந்த ஊசிக்கே முடியாததைப் போத்தல் தைலம் செய்யாது. இதயத்துக்கு வேலை செய்பவை பழைய, மலிவான மருந்துகள்தாம்: பிரஷர் குளிசை, தேவையென்றால் ஸ்டாட்டின், சீனிக் கட்டுப்பாடு, சிகரெட்டை விடுவது. அரச கிளினிக்கில் இவற்றுக்குக் காசு கேட்கமாட்டார்கள்.

தோல் கிளினிக்குக்குப் போகிறவர் கொப்பியின் முதற்பக்கத்தில் நான்கு வரி எழுதித் தரச் சொல்லிக் கேட்கட்டும்: பிரஷர், வெறும் வயிற்றுச் சீனி, கொலஸ்ட்ரோல், இடுப்பளவு. அதற்குக் கீழே வாப்பாவுக்கோ காக்காவுக்கோ எத்தனை வயதில் மாரடைப்பு வந்தது என்று அவரே எழுதிக்கொள்ளலாம். கிறீம் வாங்க வந்தவரின் புஜத்தில் பட்டியைச் சுற்றிப் பிரஷர் பார்க்க மூன்று நிமிடம் போதும். மெசின் அலுமாரியில் இருக்கிறது.